இரண்டாம் நம்பர் வெடி

எமிலியானுஸ் காட்டிலிருந்து கொண்டுவந்த பையை அவன் மனைவி மாக்கிரட் சமையலறை மேசையில் கவிழ்த்தாள். ஒரு நீளச் சொண்டும் இரண்டு கால்களும் விழுந்தன.

“மிச்சம் எங்கை?”

“வெடி கொஞ்சம் கூடிப்போச்சு.”

மொன்றியல் துறைமுகத்தில் சாமான் இறக்கும் எமிலியானுஸுக்கு இது மானப் பிரச்சினை. ஊர்ச் சங்கத்தின் ஐப்பசி விருந்துக்கு வருடாவருடம் அருளம்பலம்தான் பெக்காஸ் கறி கொண்டுவருவார். பெக்காஸ் என்பது நம் உள்ளானுக்கு அண்ணன் முறையான காட்டுப் பறவை. அவர் கறியில் துவக்கின் ஈயச் சன்னம் ஒன்றுகூடப் பல்லில் கடிபடாது.

“நான் தலைக்குத்தான் குறிவைக்கிறனான்” என்பார் அவர்.

இந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டுக் கொதித்துப்போன எமிலியானுஸ், “2006 விருந்துக்கு நானும் சுட்டுக் கொண்டுவாறன். இல்லாட்டி மீசையை வழிக்கிறன்” என்று சபையிலேயே சொல்லிவிட்டான். அது இருபது வருட மீசை.

எந்த நம்பர் வெடி போடுவதென்று வெட்கத்தை விட்டு அருளம்பலத்திடமே போனில் கேட்டிருந்தான். “சின்னக் குருவிக்குச் சின்ன நம்பர், தம்பி. ரெண்டு போடும்” என்றிருந்தார். இப்போது மறுபடி எடுத்துக் கேட்டான்.

“ரெண்டு போட்டன் அண்ணை. சொண்டுதான் மிஞ்சினது.”

“அப்ப ஒண்டு போடும்.”

அடுத்த சனிக்கிழமை ஒன்று போட்டான். சொண்டும் மிஞ்சவில்லை.

விஷயத்தைக் கேட்ட துவக்குக் கடைக்காரன் வயிறு குலுங்கச் சிரித்தான். நம்பர் கூடக் கூடச் சன்னம் சிறுக்கும், பெக்காஸுக்கு எட்டாம் நம்பரே போதும் என்றான். எமிலியானுஸுக்கு ரோசம் வந்துவிட்டது.

“ஒன்பது தா. வெடிமருந்தும் கூடினதாத் தா!”

விருந்துக்கு முதல்நாள் காலை ஒரு முழுப் பறவை விழுந்தது. மாக்கிரட் நம் வழக்கப்படி எலும்போடு பொடிப்பொடியாக வெட்டிக் கறித்தூளும் போட்டு இறக்கினாள். வாயில் வைத்த முதல் துண்டிலேயே அவனுடைய கடைவாய்ப்பல் பாதி போனது. சட்டியில் இறைச்சியைவிடச் சன்னம்தான் அதிகம்.

“இதைச் சனத்துக்குக் குடுக்கேலாது. மீசையை வழியுங்கோ, முளைக்கும்தானே” என்றாள் மாக்கிரட்.

“என்ர செத்தவீட்டிலையும் இந்த மீசை இருக்கும்!”

கன்னத்தைப் பொத்திக்கொண்டு காரை எடுத்தான். தமிழ் இறைச்சிக் கடையில் காடை விற்பார்கள். தோலை உரித்துத் தூளும் போட்டால் எந்தக் கொம்பனுக்கும் வித்தியாசம் தெரியாது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அருளம்பலத்தின் முன்னால் மழித்த முகத்தோடு நிற்பதை நினைத்ததும் வெட்கம் பறந்துவிட்டது.

கடையில் இறைச்சி வெட்டும் பேனாட் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான். எமிலியானுஸ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“ஆறு காடை தாரும். தலையில்லாமல்.”

பேனாட் கையை விரித்தான்.

“முடிஞ்சுது அண்ணை. அருளம்பலம் அண்ணை வேட்டைக்குப் போற கிழமையில எங்களிட்டைக் காடை மிஞ்சுறேல்லை.”