கிட்டார் கனிந்த கதை

அந்த நோயாளியின் வலது முழங்கால் இடது முழங்காலாக மாறியதற்குக் கிட்டார்தான் காரணம்.

“மேடம், டாக்டர் வலதுன்னு தெளிவா சொல்லியிருக்கார். நானே பதிவைப் போட்டுக் கேட்டேன்,” என்றாள் மேற்பார்வையாளர் தொலைபேசியில். “நல்ல வேளை, கத்தி வைக்கறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சுட்டாங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்க வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க.”

“இனிமே ஆகாது” என்று சொல்லிவிட்டு, வீட்டில் தட்டச்சு செய்துகொண்டிருந்த அவள் போனை வைத்தாள். கூடத்தில் ‘டங்’ என்றது.

டாக்டர்கள் வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவதை ஹெட்போனில் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. பிள்ளைகள் பிழைப்புக்கென்று வெளியூர் போன பிறகு அவளாகத் தேடிக்கொண்ட வேலை. கல்யாணமான நாளிலிருந்து யாருடைய தயவும் இல்லாமல் அவளுக்கென்று கிடைத்தது இது ஒன்றுதான். அதை விட்டுவிட அவளுக்கு மனசே இல்லை.

ஆனால் டாக்டர்கள் முணுமுணுப்பவர்கள். கிட்டாரோ ஹெட்போனைத் துளைத்துக்கொண்டு வந்தது.

கிட்டாருக்குச் சொந்தக்காரர் அவள் கணவர். பஸ் டிப்போவில் பிரேக் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் பஸ் நுழையும்போதே சத்தத்தை வைத்து, எந்தச் சக்கரத்தில் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். அங்கே அவருக்கு ‘பிரேக்கய்யா’ என்று பெயர்.

ஓய்வு பெற்ற புதிதில் பிரேக்கய்யா வீட்டைப் பரிசோதிக்க ஆரம்பித்தார். சமையலறை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினார். சர்க்கரை எங்கே என்று அவள் அவரைக் கேட்க வேண்டியிருந்தது. கதவுக் கீல்களுக்கு எண்ணெய் போட்டார், போட்ட கீலுக்கே மறுபடியும் போட்டார். அதன் பிறகு செய்ய ஒன்றும் இல்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற பஸ்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கோலத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் கிட்டார் வந்தது.

“இது ஒட்டுப் பலகை இல்ல, தெரியுமா? மேல இருக்கறது முழு மரம்,” என்றார் கணவர், பெட்டியைத் திறந்தபடி. “கடைக்காரர் சொன்னார். வாசிக்க வாசிக்க மரம் பழகுமாம். இப்ப கொஞ்சம் முரட்டுச் சத்தமா இருக்கும். விடாம வாசிச்சா உள்ளுக்குள்ள இளகி, நாதம் அப்படியே கனிஞ்சு வருமாம். வாசிக்காம மூலையில வெச்சா மறுபடியும் தூங்கிப் போயிடுமாம்.”

“எத்தனை நாள்ல கனியும்?”

“நாளா? வருஷக் கணக்கு!”

அவளுக்குத் தலை சுற்றியது. ஆனால் சமையலறை திரும்பக் கிடைத்ததே என்று வாயை மூடிக்கொண்டாள்.

மரத்தைத் தூங்கவிடக் கூடாது என்பதில் அவர் கண்ணும் கருத்துமாக இருந்தார். காலையில் வாசித்தார், சாயங்காலம் வாசித்தார். தெரிந்தது ஒரே மெட்டு. அதிலும் நடுவில் ஒரு இடத்தில் விரல் தடுக்கும். தடுக்கியதும் பயணச்சீட்டைத் தவறவிட்டவர் மாதிரி திரும்ப முதலிலிருந்து வருவார். அவள் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு தட்டச்சு செய்வாள்.

“நேத்தைக்கும் இன்னிக்கும் வித்தியாசம் தெரியுதா?” என்று கதவுக்கு வெளியே நின்று கேட்பார்.

“தெரியலையே.”

“தெரியும், தெரியும். பொறு.”

முழங்கால் விவகாரம் நடந்த அன்று அவள் பொறுமை தீர்ந்தது. வாசிக்காதீர்கள் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்த நிமிஷமே நிறுத்திவிடுவார், அதுதான் பயம். நிறுத்திவிட்டு ஜன்னலோரம் போய் உட்காருவார்.

அவர் நடைப்பயிற்சிக்குக் கிளம்பிய நேரத்தில் அவள் பீரோவைத் திறந்து, தன் பழைய கம்பளி மஃப்ளரை எடுத்தாள். கிட்டாரின் வட்டத் துளைக்குள் கம்பிகளை விலக்கி, வெளியே தெரியாதபடி கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்தாள். குழந்தைக்கு மருந்து புகட்டுகிற மாதிரிதான் இருந்தது. கம்பியைத் தட்டிப் பார்த்தாள். டங்குக்குப் பதில் ‘தொம்’ என்றது. நிம்மதியாகத் திரும்பப் பெட்டியில் வைத்தாள்.

சாயங்காலம் அவர் வாசிக்க ஆரம்பித்தார். சட்டென்று நிறுத்தினார். கம்பியை மறுபடி தட்டினார். கிட்டாரைக் காதோடு வைத்துப் பார்த்தார்.

கதவிடுக்கு வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இங்க வா! ஓடி வா!” என்று கத்தினார். “கேட்டியா? முரட்டுத்தனமே இல்ல. கனிஞ்சுடுச்சு!”

“ஆமாங்க. இனிமையாத்தான் இருக்கு” என்றாள் அவள், மாட்டிக்கொள்ளாத சந்தோஷத்தில்.

அங்கேதான் தப்புச் செய்தாள். அவள் அதுவரை கிட்டாரை ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. இப்போது பாராட்டிவிட்டதால் அவர் மதியமும் வாசிக்க ஆரம்பித்தார். மதியம்தான் டாக்டர்கள் அதிகமாக முணுமுணுக்கும் நேரம்.

அதோடு, “கதவைச் சாத்திட்டு என்ன வேலை? இங்க வந்து உக்காந்து கேட்டுக்கிட்டே பண்ணு” என்று கூப்பிட்டார். மறுக்க முடியவில்லை. இனிமையாக இருக்கிறது என்று சொன்ன வாய் ஆயிற்றே. கணினியைத் தூக்கிக்கொண்டு கூடத்து சோபாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து பார்த்தால், தொம் தொம் என்ற அந்தச் சத்தம் ஹெட்போனுக்குள் வரவேயில்லை. வேலை ஓடியது. மேற்பார்வையாளர்கூட ஒரு நாள் கூப்பிட்டு, “இந்த வாரம் ஒரு தப்புகூட இல்லையே மேடம்” என்றாள். அவளுக்கு அந்த சோபா பிடித்துப்போயிற்று. அவ்வப்போது அவர் ஏதாவது சொல்வார், அவள் ஒரு காதைத் திறந்து கேட்டுச் சிரிப்பாள். இத்தனை வருஷத்தில் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஞாபகமே அவளுக்கு இல்லை.

இப்படியே விட்டிருந்தால் வம்பில்லை. அவள் அண்ணன் வந்தார்.

அண்ணன் ஒரு காலத்தில் கூட்டங்களுக்கு மைக் செட் போட்டவர். அதனால் உலகத்தில் உள்ள எல்லாச் சத்தமும் தனக்கு அத்துப்படி என்று எண்ணம். கணவர் பெருமையோடு வாசித்துக் காட்டினார்.

“மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. போர்வைக்குள்ள உக்காந்து வாசிக்கற மாதிரி இருக்கே?”

அவளுக்குப் புரையேறியது.

“அதுக்குப் பேர்தான் மச்சான் முதிர்ச்சி” என்றார் கணவர்.

“முதிர்ச்சியாவது! உள்ள பூஞ்சை பிடிச்சிருக்கும். டார்ச் இருக்கா? எடுங்க, பாத்துடலாம்.”

“டார்ச்ல பேட்டரி இல்லைண்ணா!” என்றாள் அவள், யாரும் அவளைக் கேட்காமலே.

“சரி, அடுத்த வாரம் வரும்போது நானே கொண்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனார் அண்ணன். சொன்னால் செய்கிற ஆள். அண்ணன் டார்ச்சை அடித்து மஃப்ளரை வெளியே இழுத்து, அதை இவர் பார்க்கிற காட்சியை நினைத்தபோதே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியே தன் வாசிப்பின் வாயைத் துணியால் அடைத்தாள் என்று தெரிந்தால் அந்த மனிதர் கிட்டாரை மறுபடி தொடுவாரா? மறுநாள் காலையிலேயே மஃப்ளரை உருவி எடுத்துவிட்டாள்.

அன்று மதியம் டங் என்றது. வழக்கம்போல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் ஹெட்போனை இறுக்கிப் பார்த்தாள். டாக்டர் சிறுநீரகம் என்றாரா கல்லீரல் என்றாரா என்றே புரியவில்லை. மெல்ல எழுந்து கணினியோடு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மெட்டு பாதியில் நின்றது. விரல் தடுக்குகிற இடத்துக்கு முன்பாகவே நின்றுவிட்டது.

அவள் வெளியே வந்தபோது அவர் கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க ஆச்சு?”

“போச்சு. நாதம் போயிடுச்சு. மறுபடியும் முரடாயிடுச்சு.”

“வாசிச்சா திரும்ப வந்துடுமே?”

“வேண்டாம். உன் வேலையைப் பாரு” என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளை என்னவோ செய்தது.

அடுத்த நாள் டப்பாக்கள் உயர வரிசைக்கு மாறின. அதற்கடுத்த நாள் கீல்களில் எண்ணெய் சொட்டியது. மூன்றாம் நாள் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். வீடு அமைதியாகத்தான் இருந்தது. வேலை செய்ய அதைவிட நல்ல சூழ்நிலை வேண்டாம். ஆனால் படுக்கையறையில் தனியாக உட்கார்ந்த அவளுக்கு ஒரு வரிகூட ஓடவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டு, “நாங்க ஊர்ல இருக்க மாட்டோம், அடுத்த வாரம் வராதே” என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள். பிறகு மஃப்ளரை எடுத்துக்கொண்டு போய், இருந்த இடத்திலேயே திணித்தாள்.

“ஒரு தடவை வாசிச்சுத்தான் பாருங்களேன்” என்று கிட்டாரை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு, கணினியோடு சோபாவில் உட்கார்ந்தாள்.

தொம்.

அவர் முகம் மலர்ந்தது. “வந்துடுச்சு பாத்தியா!” என்றார். அவளைப் பார்த்துத்தான் சொன்னார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டர் சொன்ன ஏதோ சோக சமாச்சாரம் என்று சமாளித்தாள்.

நாலைந்து நாள் நன்றாகப் போயிற்று. ஒரு நாள் காலை அவர் நடந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார். போகும்போது தோளில் பெட்டி இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

“கிட்டார் எங்கங்க?”

“கம்பி மாத்தறதுக்குக் கடையில விட்டுட்டு வந்தேன். சாயங்காலம் போய் வாங்கிக்கணும்.”

“கம்பியெல்லாம் மாத்துவாங்களா?”

“பின்னே? கழட்டி, உள்ள வெளிய தொடைச்சுக் குடுப்பாங்க.”

உள்ளே என்ற ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, கடைக்குச் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லி, செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

கிட்டார் கடை சின்னதுதான். சுவரெல்லாம் வாத்தியங்கள் தொங்கின. வேலை மேசையில் அவர்கள் கிட்டார் புதுக் கம்பிகளோடு படுத்திருந்தது. கடைக்காரர் கடைசிக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். அவள் மேசையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். மஃப்ளர் எங்கும் இல்லை.

“ஐயா, இது என் வீட்டுக்காரரோட கிட்டார்” என்றாள் மூச்சு வாங்க. “உள்ள ஒரு துணி இருந்திருக்கும். நான்தான் வெச்சேன். அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா மனசு ஒடைஞ்சு போயிடுவார். மரம் கனிஞ்சுடுச்சுன்னு நம்பிக்கிட்டிருக்கார். தயவு செஞ்சு சொல்லிடாதீங்க.”

கடைக்காரர் முறுக்குவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கிட்டாரை அவள் பக்கம் திருப்பினார். துளைக்குள் மஃப்ளர் அழகாக மடிக்கப்பட்டிருந்தது, அவள் ஒருநாளும் அவ்வளவு அழகாக மடித்ததில்லை.

“போன மாசம் கம்பி மாத்த வந்தப்பவே எடுத்து அவர் கையில குடுத்துட்டேம்மா,” என்றார். “‘திரும்ப உள்ளயே வெச்சுடுப்பா, இது இருந்தாத்தான் அவ என் பக்கத்துல வந்து உக்காருறா’ன்னார்.”