ஒரு தொன்னைப் பொங்கலும் சகுந்தலாவின் டான்சிலும்

எனக்குக் கெட்டிக்காரி என்று பெயர். அந்தப் பெயரை வைத்ததும் நான்தான், ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததும் நான்தான். (வேறு யாரும் சொன்னதாக நினைவில்லை.) அது ஒரே காலையில், திருப்பதி ஆஸ்பத்திரி வராந்தாவில் கரைந்துபோனது.

எங்கள் நெசவாளர் ஊரான நகரி மதராசோடு சேருமா, ஆந்திராவிலேயே நிற்குமா என்று தறிக்குத் தறி சண்டை நடந்த காலம். எங்கள் வீட்டுச் சண்டை வேறு. மகள் சகுந்தலாவுக்கு ஆறு வயது. தொண்டையில் இரண்டு பக்கமும் டான்சில் கொட்டைப்பாக்கு மாதிரி வீங்கியிருந்தது. மூக்குக்குப் பின்னாலும் சதை வளர்ந்திருந்தது. அவள் விடுகிற குறட்டைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என் வீட்டுக்காரரைத் திட்டுவார். சித்தூர் டாக்டர் ஒரு வருஷம் சிவப்பு மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு, இனி அறுத்து எடுப்பதுதான் நல்லது, விட்டால் காதைக் கெடுக்கும் என்றார். நான் மருந்தே போதும் என்றேன். அதிகம் பேசாத என் வீட்டுக்காரர் இந்த ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்று, திருப்பதியில் நாள் குறித்துவிட்டு வந்தார்.

மயக்க மருந்து தருவதால் காலையில் குழந்தைக்கு ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று நர்சம்மா மூன்று தரம் சொல்லியிருந்தாள். நானும் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவர் சீட்டு எழுத ஆஸ்பத்திரிக்கு முன்னால் போக, கத்தி வைப்பதற்குள் தாயார் முகத்தைப் பார்த்துவிடலாம் என்று நான் சகுந்தலாவைத் திருச்சானூர் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அங்கே பிரசாதமாகச் சுடச்சுடச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். தாயார் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? ஒரு தொன்னை. (சரி, இரண்டு. என் பங்கையும் அவளே வாங்கிக்கொண்டாள்.)

ஆஸ்பத்திரிக்கு வந்ததும், குழந்தை ஏதாவது சாப்பிட்டதா என்று அங்கிருந்த டாக்டர் தெலுங்கில் கேட்டார். நேற்று ராத்திரியிலிருந்து ஒன்றும் இல்லை என்று நானும் தெலுங்கிலேயே, தலை நிமிர்ந்து சொன்னேன். பொய் சொல்லவில்லை. பிரசாதத்தைச் சாப்பாட்டில் சேர்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. விரத நாளிலேயே வாங்கி வாயில் போட்டுக்கொள்வோம்.

உள்ளே தூக்கிப் போகும்போது சகுந்தலா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அந்தப் பொங்கலு இன்னும் கொஞ்சம் கீதா? முந்திரி போட்டிருந்தாங்களே, அது."

டாக்டர் நின்றார். அவருக்குத் தமிழும் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அது கோயில் பிரசாதம்தானே, சாப்பாடு இல்லையே என்று நான் சொல்ல, அவர் கேட்டார்:

"பிரசாதம் வேற, சாப்பாடு வேறன்னு உனக்குத் தெரியும்மா. உன் பொண்ணு வயித்துக்குத் தெரியுமா? மயக்கத்துல வாந்தி எடுத்து மூச்சு அடைச்சா, யார் பதில் சொல்றது?"

வராந்தாவே சிரித்தது. அடுத்த வாரம் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர், "அடுத்த வாரம் நானே இட்டுக்கினு வரேன். நீ வூட்ல இரு" என்றார்.

அந்த வார்த்தைதான் என்னைச் சுட்டது. "கத்தியும் வேணாம் ஒண்ணும் வேணாம். மருந்துலயே கரைஞ்சுடும்" என்றேன். ரயில் ஏறும் வரை கெஞ்சிப் பார்த்தார். நான் அசையவில்லை. கத்திக்குப் பயந்தல்ல, அந்த வராந்தாவில் மறுபடியும் கால் வைக்க வெட்கப்பட்டுத்தான். அதை அவரிடம் கடைசி வரை சொல்லவில்லை.

சிவப்பு மருந்து இன்னும் இரண்டு வருஷம் ஓடியது. வளர வளர டான்சில் தானாகவே சுருங்கியது. அதற்குள் சீழ் பிடித்துப் பிடித்து அவளுடைய இடது காது மந்தமாகிவிட்டது.

இப்போது சர்க்கரை வியாதிக்கு ரத்தம் சோதனைக்குக் கொடுக்க நான் கிளம்புகிற காலையில், வெறும் வயிறா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆமாம் என்றால், "பிரசாதம் சேத்தா, சேக்காமயா?" என்பார்கள். வீடே சிரிக்கும். சகுந்தலாவும் சிரிப்பாள். கொஞ்சம் தாமதமாக, வலது காதைத் திருப்பி, "இன்னா சொன்னாங்க?" என்று என்னையே கேட்டுத் தெரிந்துகொண்டு.