எக்ஸ்ரே அறையில் நான் இருமிய கதை

எனக்குப் பொய் சொல்ல வரும். ஆரம்பித்த பொய்யை முடிக்கத்தான் வராது.

கனடாவில் வேலை பார்க்கும் என் கணவர் சேவியர், என்னை அங்கே வரவழைக்க விண்ணப்பித்துவிட்டு, நடுவில் ஒரு முறை லீவில் ராயபுரம் வந்து போனார். (வந்த வேலை முடிந்தது என்று நாத்தனார் இன்றும் சொல்வாள்.) விசாவுக்கான மருத்துவப் பரிசோதனைக்கு அழைப்பு வந்த வாரம்தான், எனக்கு நாள் தள்ளியிருப்பது உறுதியானது.

"மூணு மாசம் தாண்டாம யார் கைலயும் மூச்சு வுடாத. கண்ணு பட்டுரும்" என்றார் அம்மா.

"டாக்டர் கைல?"

"டாக்டரு மட்டும் மனுசன் இல்லியா?"

எனக்கும் வேறொரு பயம் இருந்தது. சொன்னால் விசா நின்றுவிடுமோ, சேவியர் பக்கத்தில் இல்லாமலே பிள்ளை பெற வேண்டியிருக்குமோ என்று.

கிளினிக்கில் நுழைந்தால் எதிர்வீட்டு பிலோமினா அக்கா, மகனைக் கூட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் காதுபடவே நர்ஸ் கேட்டாள், கர்ப்பமா என்று. இல்லை என்றேன்.

எக்ஸ்ரே அறைச் சுவரில் 'கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்கவும்' என்று பெரிதாக எழுதியிருந்தது. எக்ஸ்ரே வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பது அப்போதுதான் உறைத்தது. எக்ஸ்ரே எடுப்பவர் தாலிச் செயினைக் கழற்றச் சொன்னதும் அதையே பிடித்துக்கொண்டேன்.

"கழட்ட மாட்டேன்."

"எங்க வூட்ல கழட்டற வழக்கம் இல்ல" என்று வாசலிலிருந்து அம்மாவும் சேர்ந்துகொண்டார். (அம்மாவின் செயின் பாதி வருஷம் அடகுக் கடையில் இருக்கும்.)

"சரி, தூக்கி வாயில கவ்விக்கோங்க" என்றார் அவர், அலுத்துப்போய்.

நான் சட்டென்று இருமினேன்.

டாக்டர் வந்தார். "எக்ஸ்ரேன்னா ஏன் பயப்படுறீங்க? ரொம்ப நாளா இருமல் இருக்கா?"

இருமல் என்றால் விட்டுவிடுவார் என்று எந்த அறிவு சொன்னதோ. "ஆமா சார், ரொம்ப நாளா" என்றேன்.

"அப்போ கண்டிப்பா எடுக்கணும். சளியும் டெஸ்ட் பண்ணணும். டிபியா இருக்கலாம்."

நாளைக்கு வருகிறோம் என்று அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடிவந்தேன். கதவு திறந்திருந்ததையும், பிலோமினா அக்கா எழுந்து நின்று கேட்டதையும் அப்போதுதான் பார்த்தேன்.

சாயந்திரம் திருவொற்றியூரிலிருந்து மாமியார் வந்துவிட்டார். கையில் முட்டையும் ஆட்டுக்காலும், வாயில் டவல். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"நெஞ்சுல நோவு கீதுன்னு மறைச்சுட்டீங்களே சம்பந்தி."

அம்மா என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். அதற்குள் போன் அடித்தது. சேவியர்.

"டிபின்னு சொல்றாங்க. எதுவா இருந்தா இன்னா, நான் கிளம்பி வரேன். விசாவும் வாணாம், ஒண்ணும் வாணாம்."

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. அம்மா கண்ணைக் காட்டக் காட்ட, ஓவென்று அழுதுகொண்டே சொன்னேன். "டிபி இல்லீங்க. குழந்தை."

சேவியர் கேட்டார், "யாருக்கு?"

மாமியார் டவலைப் பாதி இறக்கினார். "அப்ப ரெண்டும் கீதா?"

மறுநாள் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். இதை நேற்றே சொல்லியிருக்கலாமே என்று தலையில் அடித்துக்கொண்டார். எக்ஸ்ரேவைப் பிரசவத்துக்குப் பிறகு எடுக்கலாம், ஆனால் விசாவும் அதுவரை காத்திருக்கும் என்றார். பயந்ததுதான் நடந்தது. மகள் பிறந்தபோது சேவியர் போனில்தான் இருந்தார். இந்தப் பக்கம் அவள் அழ, அந்தப் பக்கம் அவர் அழ, யாரைச் சமாதானப்படுத்துவது என்று நர்ஸ் குழம்பினாள்.

இப்போது மூவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஆனால் எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் கர்ப்பம் என்று சொல்வதில்லை. 'இருமல் கீது' என்பதுதான் பேச்சு. போன மாதம் நாத்தனாருக்கு நிஜமாகவே ஜலதோஷம். போனில் இரண்டு முறை இருமினாள். அவள் மூக்கைத் துடைத்து முடிப்பதற்குள், மாமியார் திருவொற்றியூர் முழுக்கச் சொல்லிவிட்டார்.