மாப்ளைக்கு வெந்நீர்

இராமேஸ்வரம் தீவில் அடுத்தவர் தாகத்துக்காக வெந்நி அண்ணனைப் போல் கவலைப்பட்ட மனிதர் எவரும் கிடையாது. அடுத்தவர் என்றால் குதிரை.

கடற்கரை மணலில் சுற்றுலா வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவது அவர் தொழில். தாய்க்குதிரை உழைத்துச் சம்பாதிக்கும். அதன் குட்டி நின்றுகொண்டே சாப்பிடும். நான் அப்போது கோயில் பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருந்தேன். ஒரு மார்கழிக் காலையில் வாளியோடு வந்து நின்றார்.

"தம்பி, மாப்ளைக்கு வெந்நி வேணும். பச்சத்தண்ணி ஒத்துக்கிட மாட்டேங்குறாரு."

"எந்த ரூம்ணே?" என்றேன்.

"ரூமா? வாசல்லதேன் நிக்கிறாரு."

எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை எங்கள் துளசிச் செடியைத் தின்றுகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து தினமும் வந்தார். குளிர்நாளில் குதிரைக்குட்டிக்குத் தாகம் தெரியாது, காய்ந்த புல்லைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடிக்காவிட்டால் குடல் அடைத்துக்கொள்ளும் என்று எல்லோரிடமும் சொல்வார். பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவர் போல வாளிக்குள் முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பார். அந்த அக்கறை குதிரையோடு நிற்கவில்லை. டீக்கடையில் முன்பின் தெரியாத போலீஸ்காரர் ஒருவரை, "உதடு காஞ்சிருக்கு, குடிங்க சார்" என்று மடக்கினார். அவரும் குடித்துவிட்டுத்தான் போனார்.

தை மாதம் வாடைக்காற்று அடித்த ஒரு நாள், குட்டி வெந்நீரையும் தொடவில்லை. லாட்ஜ் வாசலில் படுத்து, தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. அண்ணன் முகம் செத்துப்போயிருந்தது. ராமநாதபுரத்திலிருந்து கிளம்பிவிட்ட கால்நடை டாக்டர் போனில் சொன்னார்: "தானாக் குடிச்சாக் குடிக்கட்டும். வாயில ஊத்திராதீங்க, நுரையீரலுக்குப் போயிரும்."

அண்ணன் குட்டியை எழுப்பி நிறுத்தினார். வாளி முன் மண்டியிட்டு, தலையை உள்ளே விட்டு உறிஞ்சினார். "பாருங்க மாப்ள, மாமாவே குடிக்கிறேன்." குட்டி காதை அசைத்தது. "தம்பி, நீயும் வா."

போனேன், லாட்ஜ் யூனிபார்மோடு.

அந்த நேரம் பார்த்து, இடுப்பில் துண்டோடு ஒரு கோயம்புத்தூர்க்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "ஏனுங்க, குழாய்ல சுடுதண்ணி வரலீங்களே?"

"குதிரை குடிக்கணும் சார்" என்றேன்.

"அதுக்கு நீங்க எதுக்குங்க குடிக்கறீங்க?"

"அதுக்கு ஆசை வரட்டும்னுதேன்" என்றார் அண்ணன், அழுகிற குரலில்.

கோயம்புத்தூர்க்காரர் கொஞ்சம் யோசித்தார். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு பக்கத்தில் குனிந்தார். அவர் உறிஞ்சிய சத்தம் எதிர்க் கடை வரை கேட்டது. குட்டி மூக்கை நீட்டி, அவரை முட்டித் தள்ளிவிட்டு, வாளியின் அடி தெரியும் வரை குடித்தது.

டாக்டர் வந்து சேர்வதற்குள் குட்டி, குடல் அடைப்பு விலகி, லாட்ஜ் படியில் லத்தியும் போட்டுவிட்டது. நாங்கள் மூவரும் அதைச் சுற்றி நின்று கும்பிடாத குறைதான். டாக்டர் குட்டியின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இனிப் பயமில்ல" என்றார்.

குட்டி அசதியில் படுத்தது. அண்ணனும் ஈரச் சட்டையோடு அதன் முதுகில் சாய்ந்து உறங்கிவிட்டார். லாட்ஜ் கம்பளி ஒன்றைக் கொண்டுவந்து இருவருக்கும் சேர்த்துப் போர்த்தினேன். எட்டவில்லை. தூக்கத்திலேயே அண்ணன் தன் பக்கத்தை உருவி மாப்பிள்ளை மேல் தள்ளினார்.

நான் இன்னொரு கம்பளி எடுத்துவரப் போனேன்.