வாய்கொத்தி

மரங்கொத்தியைப் பார்த்திருப்பீர்கள். மீன்கொத்தியையும் பார்த்திருப்பீர்கள். வாய்கொத்தி என்றொரு இனம் இருக்கிறது, அதைப் பறவைப் புத்தகத்தில் தேடிப் பிரயோசனமில்லை. அது காற்சட்டை போடும், கண்ணாடி போடும், சட்டைப்பையில் இரண்டு பேனா குத்தியிருக்கும். பக்கத்தில் யாராவது இங்கிலீஷில் வாயைத் திறந்தால் போதும், ஒரே கொத்து! சொன்ன விஷயம் கேட்பாரற்றுக் கிடக்கும். சொன்ன விதத்தை மட்டும் கொத்திக்கொண்டு பறந்துவிடும்.

இந்த இனம் உலகமெங்கும் உண்டாம். ஆனால் தொண்ணூறுகளின் கடைசியில் அது எங்கள் பதுளையில் பெருகியதைப்போல வேறெங்கும் பெருகியிருக்காது என்று நான் துணிந்து சொல்வேன். அப்போது ஊரே இங்கிலீஷ் காய்ச்சலில் கிடந்தது. பஸ் ஸ்டாண்ட் சுவரில் ‘மூன்றே மாதத்தில் ஆங்கிலம்’, அதன் மேல் ஒட்டிய நோட்டீசில் ‘இரண்டே மாதத்தில் ஆங்கிலம்’, மருந்துக்கடைக்காரர் ஒருவர் பேதி மாத்திரையோடு சேர்த்து இலக்கணக் கையேடும் விற்றுக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் பலன் ஒன்றுதான் என்று பேசிக்கொண்டார்கள்.

எங்கள் வாய்கொத்தியின் பெயர் ஜெயரட்ணம். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து பதுளைக் கந்தோர் ஒன்றில் தலைமை எழுதுவினைஞராக இருந்தவர், நல்ல மனிதர். சத்தியமாக நல்ல மனிதர். வாய்கொத்திகளில் கெட்டவர்களை நான் கண்டதே இல்லை, அதுதான் பெரிய கரைச்சல். கெட்டவன் என்றால் எழுந்து போய்விடலாம். இவர் சனிக்கிழமை தோறும் பேக்கரிக்கு மேலேயுள்ள அறையில், சல்லிக்காசு வாங்காமல், தன் கைக்காசில் பணிசும் பிளேன்டீயும் வாங்கிக் கொடுத்து எங்களுக்கு இங்கிலீஷ் பேசப் பழக்கினார்; அதனால் எங்களுக்கு அவர் ‘மாஸ்டர்’. எழுந்து போவது எப்படி?

பழக்கும் முறை இதுதான். நீங்கள் எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் பேனாவின் பின்பக்கத்தால் மேசையில் ‘டொக்’ என்று ஒரு தட்டுத் தட்டுவார். தட்டினால் பிழை, மறுபடி முதலிலிருந்து. தட்டாவிட்டால் அடுத்த வாக்கியம். தட்டாமல் விட்ட நாள் எது என்று கேட்காதீர்கள்.

“‘நேம்’ எண்டேக்கை சத்தம் உதட்டிலை நிக்கவேணும். உமக்குப் பல்லிலை நிக்குது. திருப்பி.”

டொக்.

“இப்ப மூக்கிலை நிக்குது. திருப்பி.”

டொக்.

இப்படியே எங்கள் பெயர் எங்கள் முகமெல்லாம் சுற்றி வந்ததே தவிர, பெயரைத் தாண்டி ஊர் எது, அப்பா பெயர் என்ன என்ற கட்டத்துக்கு எவனும் போய்ச் சேரவில்லை. துணிக்கடையில் வேலை செய்த றஷீனா ஒருதரம் ஊர் வரைக்கும் போனாள். அதைப்பற்றி இரண்டு மாதம் பேசிக்கொண்டிருந்தோம்.

வாசித்து விளங்கிக்கொள்ளுதல் என்றொரு பாடமும் நடந்தது. மிஸ்டர் பிரவுன் என்பவர் ஒரு நாய் வளர்க்கிறார்; ஒருநாள் காலையில் நாயைக் காணவில்லை. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் அந்தப் பந்தியில் பத்துப் பன்னிரண்டு வரி கிடந்தது, ஆனால் முதல் வரியின் உச்சரிப்பு ஒழுங்காகும் வரை இரண்டாவது வரிக்குப் போகக் கூடாது என்பது சட்டம். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த மாடசாமி பொறுக்கமாட்டாமல் ஒருநாள் தமிழிலேயே கேட்டுவிட்டார்.

“சேர், குறுக்க பேசுறேன்னு கோவிச்சுக்காதீங்க. அந்த நாயி கெடச்சிச்சா இல்லீங்களா? ராத்திரியில அதே ஞாபகமா இருக்குங்க.”

“நாயிலை என்ன கிடக்கு மாடசாமி? நீர் முதல் ‘டோக்’ எண்டதை வடிவாச் சொல்லும்.”

நாய் கிடைத்ததா? இன்றுவரை தெரியாது.

வகுப்புக்கு வெளியேயும் வாய்கொத்திக்கு ஓய்வு கிடையாது. அவருடைய மனைவி லீலாதேவி அம்மா அடுப்படியிலிருந்து, “இஞ்சருங்கோ, மில்க் பொங்குது!” என்று கத்தினால், தமிழையும் இங்கிலீஷையும் ஒரே சட்டியில் கலக்கக் கூடாது என்று இவர் விளக்கி முடிப்பதற்குள் பால் அடுப்பையும் தாண்டி நிலத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மரண வீட்டில், செத்தவரின் மகன் அழுதுகொண்டே இங்கிலீஷில் நன்றியுரை வாசிக்கும்போது இவர் விரல் தானாகவே சவப்பெட்டியின் ஓரத்தைத் தட்டும். வானொலியில் லண்டன் செய்தி கேட்டுவிட்டு, “இப்ப அங்கையும் உச்சரிப்புக் கெட்டுப்போச்சு” என்று பெருமூச்சு விடுவார். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் ஒரு வெள்ளைக்காரப் பையன் ரயில் ஸ்டேஷனுக்கு வழி கேட்டான். விதி, இவரிடம் கேட்டான். வழி கேட்கும் முறை இதுவல்ல என்று இவர் அவனுடைய கேள்வியையே கழற்றிப் பூட்டிக் காட்டினார். அந்தப் பையன் மலங்க மலங்க விழித்தான், நன்றி சொன்னான், எதிரே நின்ற பசறை பஸ்ஸில் ஏறித் தப்பிவிட்டான். பசறையில் ரயில் ஸ்டேஷன் கிடையாது.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், தர்மிளா வரும் வரைக்கும்.

தர்மிளா லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வேலை செய்த அழகையாவின் மகள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு லயத்து வீட்டில் இருந்தாள். அந்தத் தோட்டத்தில், வயது வந்த பிள்ளை வீட்டில் சும்மா இருந்தால் கங்காணி சும்மா இருக்கமாட்டார். பேரைப் பதிந்து பெரட்டுக்கு வரச் சொல்லுவார். பெரட்டு என்றால் விடிகாலையில் ஆளெடுத்து வேலை பிரிக்கிற இடம். அங்கே ஒருதரம் பேர் பதிந்தால், முதுகில் கூடை ஏறினால், இறக்கி வைத்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவளுடைய அம்மா நல்லம்மா இத்தனை வருஷமாக இறக்கவில்லை. அந்த நல்லம்மாதான் கங்காணியிடம் கெஞ்சியிருக்கிறாள். “கொஞ்சம் பொறுங்கண்ணே. அப்புத்தளையில வெள்ளக்காரவுங்க வந்து தங்குற ஹோட்டல்ல புள்ளைக்கி இன்டர்வியூ வந்திருக்கு. வரவுங்கள வாங்கன்னு சொல்லி சாவி குடுக்குற வேல. கெடைக்கலேன்னா நானே கையைப் புடிச்சுக் கூட்டியாறேன்.”

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தர்மிளா எங்கள் அறைக்கு வந்த முதல் நாள், மாஸ்டர் பணிஸ் வாங்கக் கீழே இறங்கியிருந்த நேரத்தில், றஷீனாவோடு இங்கிலீஷில் பேசினாள். தட்டித் தடவித்தான், ஆனால் நிற்காமல் பேசினாள். பஸ்ஸில் வாந்தியெடுத்த கிழவரைப் பற்றி, மழையைப் பற்றி, தனக்குப் பயமாக இருப்பதைப் பற்றி. கையால் பாதி, வாயால் பாதி. எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. மாடசாமிக்குக்கூட!

அப்புறம் மாஸ்டர் படியேறி வந்தார்.

“எங்கை பிள்ளை, உம்மைப்பற்றிச் சொல்லும் பாப்பம்.”

“மை நேம் இஸ் தர்மிளா.”

டொக்.

நேர்முகப் பரீட்சை வரைக்கும் அவள் ஒரு சனிக்கிழமையைத் தவறவிடவில்லை. மாஸ்டரும் லேசுப்பட்டவர் இல்லை, அவளுக்காகக் கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு வார நாட்களிலும் வந்து உட்கார்ந்தார். இந்தப் பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று உண்மையாகவே தவித்தார், கோயிலுக்கு நேர்த்தியும் வைத்தார். நேர்த்தி வைத்துவிட்டு வந்து மறுபடி தட்டினார். கடைசி வாரத்தில் தர்மிளா அந்த ஒரே வாக்கியத்தை லண்டன் மகாராணியே கேட்டாலும் குறை சொல்லாத மாதிரிச் சொன்னாள். சொன்னதும் நிறுத்தினாள், மாஸ்டர் முகத்தைப் பார்த்தாள். மழையையும் கிழவரையும் பற்றி அதற்குப் பிறகு அவள் பேசி நாங்கள் கேட்கவில்லை.

அப்புத்தளையில் நடந்ததை அவள் பின்னொரு நாள் துணிக்கடையில் றஷீனாவுக்கும் எனக்கும் நடித்தே காட்டினாள். ஹோட்டல் மனேஜர் ஒரு சிங்களப் பெண்மணி, தங்கமான மனுஷி. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம், மேசையில் ஆவி பறக்கும் தேநீர். உட்காரச் சொல்லி, உன்னைப்பற்றிச் சொல்லம்மா என்று சிரித்த முகத்தோடு கேட்டிருக்கிறார். இவள் சொன்னாள்: “மை நேம் இஸ் தர்மிளா.” சொல்லிவிட்டு நிறுத்தினாள். மனேஜர் முகத்தைப் பார்த்தாள்.

அந்த அம்மா மிச்சத்துக்காகக் காத்திருந்தார். இவள் தட்டுக்காகக் காத்திருந்தாள்.

காத்திருந்து பார்த்த அந்த அம்மா ஒரு மிடறு தேநீர் குடித்துவிட்டுக் கோப்பையை மேசையில் வைத்தார்.

டொக்.

“மை நேம் இஸ் தர்மிளா.”

அந்த அம்மா புருவத்தை உயர்த்தினார். பிள்ளை பயப்படுகிறது என்று நினைத்து, அவசரமில்லை, ஆறுதலாகச் சொல்லு என்றார். மறுபடி ஒரு மிடறு. மறுபடி கோப்பை.

டொக்.

“மை நேம் இஸ் தர்மிளா.”

“வாய் தன்னால சொல்லுதுக்கா! வேணாம் வேணாம்னு உள்ளுக்குள்ள கத்துறேன். கோப்பைய வச்சா சொல்லுது, வச்சா சொல்லுது” என்று கடைக் கவுண்டரைத் தட்டித் தட்டிக் காட்டினாள். தேநீர் தீரும் வரைக்கும் அவள் தன் பெயரைச் சொல்லியிருக்கிறாள். கடைசியில் அந்த அம்மா கண்கலங்கி, ஒரு பிஸ்கட்டைக் கையில் கொடுத்து, அறிவிக்கிறோம் என்று அனுப்பிவிட்டார். அறிவிப்பு இன்னும் வரவில்லை.

நேர்முகப் பரீட்சைக்கு அடுத்த சனிக்கிழமை அவள் எங்கள் அறைக்கு வந்தாள். திங்கட்கிழமை பேர் பதிய வேண்டும். பணிஸ் தட்டு அப்படியே இருந்தது, யாரும் கைவைக்கவில்லை. மாஸ்டர் எழுந்தேவிட்டார்.

“என்ன பிள்ளை, சரி வந்ததோ? இங்கிலீஷிலை சொல்லும்!”

தர்மிளா நிமிர்ந்து நின்றாள். வழக்கம்போல அவர் முகத்தைப் பார்த்தாள். ஆனால் இந்தத் தடவை நிறுத்தவில்லை.

“ஐ டிட் நொட் கெட் த ஜொப், சேர். எவ்ரி டே யூ ஸ்டொப்ட் மீ. யூ நெவர் லெட் மீ ஃபினிஷ். நவ் ஐ வில் ப்ளக் டீ லைக் மை மதர்.”

வேலை கிடைக்கவில்லை, சேர். தினம் தினம் என்னை நிறுத்தினீர்கள், ஒருநாளும் முடிக்க விடவில்லை. இனி நான் அம்மாவைப்போலக் கொழுந்து பறிப்பேன். இத்தனையும் ஒரே மூச்சில். கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது, குரல் மட்டும் உடையவில்லை. மாடசாமி தலையைக் குனிந்துகொண்டார். றஷீனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாஸ்டரின் பேனா அந்தரத்தில் நின்றது. உதடு மெல்ல அசைந்தது. அவள் சொன்னதை ஒவ்வொரு சொல்லாக உள்ளுக்குள் ஓட்டிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. விரிந்தது. பிறகு அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அப்படியொரு சந்தோஷத்தை நான் கல்யாண வீட்டில்கூடக் கண்டதில்லை.

“ஒரு பிழையும் இல்லை!” என்று கூவினார். “கேட்டனீங்களே எல்லாரும்? நாலு வசனம், நாலும் சரி! இது என்ரை பிள்ளை! தட்டுங்கோ, கை தட்டுங்கோ!”

அவரே தட்டினார், தனியாக, நெடுநேரம். தர்மிளா படியிறங்கிப் போனாள். லுணுகலை பஸ் வெளிக்கிடுகிற சத்தம் கேட்டது. மாஸ்டர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்.

அவரைத் திட்டத் தோன்றுகிறதல்லவா? திட்டுங்கள், எனக்கும் ஆசைதான். அதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். தர்மிளாவின் அந்த நாலு வாக்கியத்தையும் சற்றுமுன் வாசித்தீர்களே, வாசித்தவுடன் உங்கள் மனதில் முதலில் வந்தது எது? ஐயோ, இந்தப் பிள்ளை திங்கட்கிழமை கூடையைத் தூக்கப் போகிறதே என்பதா? அல்லது, நாலும் சரிதானா என்று நீங்களும் உதட்டை அசைத்து ஒருதரம் ஓட்டிப் பார்த்தீர்களா?

பரவாயில்லை, வெளியே யாருக்கும் தெரியாது. கையில் பேனா இருந்தால் மட்டும் மெதுவாகக் கீழே வையுங்கள். சத்தம் வராமல் வையுங்கள். பக்கத்து அறையில் உங்கள் பிள்ளை ஏதோ சொல்ல ஆரம்பித்திருக்கக்கூடும்.