தினம் மூணு லிட்டர்

பதினோரு மணிக்குள் முக்கால் பாட்டில் தண்ணீர் உள்ளே போயிருந்தது. அதுதான் இப்போது சிக்கல்.

"அக்கா, சாவி..." என்று அவள் சூப்பர்வைசர் அக்கா முன்னால் போய் நின்றாள்.

"காலைலதான போயிட்டு வந்த?"

"மறுபடியும்க்கா."

அந்த மூன்று மாடித் துணிக்கடையில் வேலை செய்யும் பெண்களுக்கு ஒரே ஒரு கழிப்பறை. அதன் சாவி அக்காவின் இடுப்பில். ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்பது முதலாளி போட்ட சட்டம். அதனால் அங்கே யாரும் தண்ணீரே குடிப்பதில்லை. திரைச்சீலைப் பிரிவில் பதினோரு வருஷமாக நிற்கும் அவளுக்கு 'ஒட்டகம்' என்றே பட்டப்பெயர்.

இந்த வருஷத்தில் மூன்றாம் முறையாகச் சிறுநீர்த் தொற்றும் வலியும் காய்ச்சலும் வந்தபோது, டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்.

"அடக்கி அடக்கி வெச்சு கிட்னி வரைக்கும் போயிடுச்சும்மா. தினம் மூணு லிட்டர் குடிங்க. வந்தா உடனே போயிடுங்க. இன்னொரு தடவை வந்தா மாத்திரையோட போகாது."

சொல்வது சுலபம். டாக்டரம்மாவின் அறைக்குள்ளேயே கழிப்பறை இருந்தது.

அன்று மதியத்துக்குள் நாலாவது தடவை ஆயிற்று. சிரித்து யாருமே பார்த்திராத அக்கா, சாவியை நீட்டியபடி அவளை மேலும் கீழும் பார்த்தாள். திட்டியிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

சாயங்காலத்துக்குள் செய்தி மூன்று மாடியும் ஏறி இறங்கிவிட்டது. படுக்கை விரிப்புப் பிரிவுக்காரி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்கள்ளி, எங்கிட்டகூட சொல்லலையே. எத்தனை மாசம்டி?"

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணு..." என்று அவள் வாயைத் திறந்தபோது, மூட்டை தூக்கும் பெரியவர் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அவள் பின்னால் போட்டார்.

"முதலாளி குடுக்கச் சொன்னாரு. உட்காரணுமாம்."

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கடையில் அவள் உட்கார்ந்தாள். திறந்த வாய் தானாக மூடிக்கொண்டது.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள், கேட்டபோதெல்லாம் சாவி கிடைத்தது. அதற்கு மறுநாள், ஏணியில் ஏறக் கூடாது என்று உத்தரவு வந்தது. கல்லாவில் இருப்பவள் குட்டியாக ஒரு ஜோடி காலுறை பின்ன ஆரம்பித்துவிட்டாள். இரண்டு வாரத்தில் காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. தண்ணீர் குடித்துக் குடித்து முகத்தில் ஒரு தெளிவுகூட வந்திருந்தது.

"பாத்தியா களைய? பொண்ணுதான்" என்றார்கள்.

மூன்றாவது வாரம் முதலாளி கூப்பிட்டார்.

"அஞ்சாவது மாசத்தோட நின்னுக்கம்மா. வயித்தத் தள்ளிக்கிட்டு நின்னா வர்றவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். உன் இடத்துக்கு ஆள் பாக்கறேன்."

உண்மையைச் சொன்னால் பொய் சொன்னதற்காக வேலை போகும். சொல்லாவிட்டால் இல்லாத பிள்ளைக்காக வேலை போகும். குழம்பிப்போய் வாசலுக்கு வந்தால், டெலிவரி வேனோடு கணவன் காத்திருந்தான். அவளுக்கு முன்பே படுக்கை விரிப்புக்காரி அங்கே போய் நின்றிருந்தாள்.

"என்னண்ணே, அப்பாவாகப் போறீங்க. எங்களுக்கு ஒரு ஸ்வீட்டுகூட கிடையாதா?"

மூன்று வருஷத்துக்கு முன்னால், கடையில் சொல்லுமுன்பே, நாலாம் மாதத்தில் ஒன்று கலைந்து போனது. அதற்கப்புறம் அந்தப் பேச்சையே அவன் எடுத்ததில்லை. இப்போது அவன் முகம் மலர்ந்ததை அவள் பார்த்தாள். அப்படி ஒரு முகம் அவனுக்கு இருந்ததையே அவள் மறந்து போயிருந்தாள்.

இரண்டாவது சிக்னலில் எல்லாவற்றையும் சொன்னாள். பச்சை விழுந்தும் வேன் நகரவில்லை. பின்னால் வரிசையாக ஹார்ன் அடித்தார்கள்.

"சரி" என்று வேனை எடுத்தான். "வலி குறைஞ்சிருக்கா?"

"குறைஞ்சிருக்கு."

"அப்ப தண்ணியக் குடி."

சுத்தமாக இருந்த முன் கண்ணாடியை வீடு வரைக்கும் துடைத்துக்கொண்டே வந்தான்.

மறுநாள் காலையில் அவள் ஒரு முடிவோடு வந்தாள். அக்கா இன்னும் வரவில்லை. ஒத்திகை பார்ப்பது போல, கழிப்பறை வாசலைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவம்மாவிடம் ஆரம்பித்தாள்.

"வயித்துல ஒண்ணுமில்லம்மா. அக்கா வந்ததும் சொல்லிடப் போறேன். துரத்தினா துரத்தட்டும். அவங்கள ஏமாத்தினதுதான் மனசப் போட்டு அறுக்குது."

துப்புரவம்மா நிமிரவில்லை. துணியை வாளியில் முக்கிப் பிழிந்தாள்.

"அவங்கள நீ எங்கம்மா ஏமாத்தின? நீ நாலு தடவை சாவி வாங்கின அன்னிக்கே, உள்ள வலியில அழுதத நான் அவங்ககிட்ட போய் சொல்லிட்டேன். சீக்குன்னா முதலாளி வீட்டுக்கு அனுப்பிடுவாருன்னு, புள்ளன்னு கிளப்பிவிட்டதே அவங்கதான்."

"அய்யோ, அஞ்சாம் மாசம் வந்தா என்னம்மா பண்றது?"

"அதுக்கு முன்னாடி கலைஞ்சு போச்சுன்னு அவங்களே சொல்லிடுவாங்க, நீ பேசாம இரு, இந்தக் கடையில நின்னு நின்னே ரெண்டு கலைஞ்சவங்க அவங்க, சொன்னா முதலாளி நம்புவாரு."