இன்னும் பத்தடி

வாசகரே, சுரங்க ஊர்களில் செழித்து வளரும் மனித இனம் ஒன்று உண்டு. அதற்கு ‘இன்னும் பத்தடிக்காரர்’ என்று பெயர்.

ஒரு வெள்ளிச் சுரங்கத்தின் பாறை ஆய்வாளரையே எடுத்துக்கொள்ளுங்கள். மலை பிறந்தபோது பக்கத்தில் நின்று பிரசவம் பார்த்தவர் போலப் பேசுவார். பல் பிடுங்கப் போனாலும் சரி, பூமிக்கடியிலிருந்து கொதிநீர் பாறை வெடிப்புகளில் ஏறி வந்ததையும், ஆறும்போது தன்னில் கரைந்திருந்த வெள்ளியையும் ஈயத்தையும் அங்கேயே படியவிட்டதையும், அதுதான் தாது நரம்பு என்பதையும் சொல்லி முடிக்காமல் வாயைத் திறந்து காட்ட மாட்டார். அத்தனையும் உண்மை. நரம்பு எங்கே என்று கேட்டால் மட்டும் ஒரே பதில்: இன்னும் பத்தடி கீழே.

மூன்று மாதம் அவர் பேச்சைக் கேட்டுச் சுரங்கம் கீழே கீழே போனது. வெறும் பாறை. திங்கட்கிழமைக்குள் தாது தென்படாவிட்டால் மூடிவிடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. நாற்பது பேர் பிழைப்பு. அதில் ஒருவர் துளைப்பொறி ஓட்டும் அவருடைய சொந்த மைத்துனர். ஆய்வாளர் கையெழுத்தில்லாமல் அங்கே ஒரு கல்லும் பெயராது.

புதன்கிழமை மைத்துனர் ஆய்வறைக்கு வந்தார். மலையைத் துளைத்து எடுத்த கல்தண்டுகள் நீளப் பெட்டிகளில் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் கீழ்ப்பக்கம் எது என்று காட்ட ஓர் அம்புக்குறி. அம்பு காட்டும் பக்கத்தையும், கல்லில் மெல்லிய வெள்ளிக் கீற்றுகள் தடித்துக்கொண்டே போகும் பக்கத்தையும் வெகுநேரம் ஒப்பிட்டுப் பார்த்தார்.

“மச்சான், பெட்டிய எல்லாம் தலைமாத்தி அடுக்கியிருக்கீங்க. வெள்ளி கீழ இல்ல. நம்ம தலைக்கு மேல இருக்கு.”

“அம்ப எவனோ தப்பாப் போட்டிருக்கான்.”

“போட்டது நீங்கதான். கையெழுத்து இருக்கு.”

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புரியாமல் இல்லை, காதுமடல் சிவந்துவிட்டதே. ‘தப்பு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், திங்கட்கிழமைக்குள் மேலே தோண்டிப் பார்த்துவிடலாம். சொன்னாரா? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

“இவ்வளவு தூரம் வந்துட்டோம். இன்னும் பத்தடி போய்ப் பாப்போம்.”

போய்ப் பார்த்தார்கள். திங்கட்கிழமை சுரங்கத்துக்குப் பூட்டு விழுந்தது. மைத்துனர் பெண்டாட்டி பிள்ளைகளோடு வேற்றூருக்கு ரயிலேறினார், பாவம். தம்பியை வழியனுப்பிவிட்டு வந்த அக்கா, வீட்டுக்காரரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அவரோ, அவசரக்காரர்கள் பத்தடியில் கோட்டை விட்டுவிட்டதாகத் தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். போன தடவை குடும்பத்தோடு காரில் போகையில் வழி தப்பியது உங்களுக்கு மறந்திருக்கும். “திரும்பிடலாமே” என்று பின்சீட்டிலிருந்து குரல் வந்ததும் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.